சனிக்கு டிக்கெட் எடுத்து வியாழனில் இறங்கிய கதை

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எடுத்துக்கொண்டிருந்த ஸ்டான்லி குப்ரிக், 1966 வாக்கில் சிவகாசிப் பக்கம் ஒரு நடை வந்து போயிருந்தால் சனிக்கிரகம் அந்தப் படத்தில் பிழைத்திருக்கும். வளையம் செய்து மாளாமல்தான் மனுஷன் சனியைக் கைவிட்டார். எங்கள் வெம்பக்கோட்டைப் பையன் எவனையாவது கேட்டிருந்தால், ஒரு சங்குச்சக்கரத்தைப் பற்றவைத்து, "இந்தாங்கண்ணே, எவ்வளவு வளையம் வேணும்?" என்றிருப்பான்.

கதை எழுதியவர் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆர்தர் கிளார்க், இங்கிலாந்தின் குளிர் பொறுக்காமல் 1956-இல் இலங்கைக்கு வந்து, கடலுக்குள் முங்கு நீச்சல் அடித்துக்கொண்டிருந்தவர். 1964-இல் குப்ரிக் அவரை நியூயார்க்கில் சந்தித்தார். முதலில் இருவருமாக நாவலை எழுதுவது, பிறகு அதைப் படமாக்குவது என்று ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன்னால் போடுகிற எல்லா ஏற்பாடும் நன்றாகத்தான் இருக்கும்.

நாவலில் விண்கலம் வியாழனின் ஈர்ப்பைப் பிடித்து எகிறி, சனியின் துணைக்கோளான இயாபெட்டஸுக்குப் போகிறது. கிளார்க்குக்கு இதில் ஒரு பக்கத் தாளும் கொஞ்சம் மையும்தான் செலவு. குப்ரிக்கின் ஆட்களோ நம்பும்படியான வளையம் ஒன்றைச் செய்ய மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில், வளையமே இல்லாத (அன்றைக்கு அப்படித்தான் நினைத்தார்கள்) வியாழனோடு பயணத்தை முடித்துக்கொண்டார்கள். மதுரைக்கு டிக்கெட் வாங்கியவனைத் திருமங்கலத்தில் இறக்கிவிட்ட கணக்கு.

கதையின் தொடக்கத்தில் குரங்கு மனிதனுக்கு அறிவு புகட்டும் கல்லிலும் இதே கூத்து. நாவலில் அது கண்ணாடிபோல் தெளிவானது. உள்ளே படம் காட்டி, டியூஷன் எடுக்கும். குப்ரிக் அதற்கென்று பெரிய பெர்ஸ்பெக்ஸ் பாளம் ஒன்றை வார்க்கச் சொன்னார். வந்ததைப் பார்த்தால் கண்ணாடிபோலவும் இல்லை, கல்போலவும் இல்லை. ஓரங்கட்டிவிட்டு, கறுப்புப் பலகை ஒன்றை நட்டார். அது பாடம் எடுக்காது, சும்மா நிற்கும். இன்றுவரை உலகம் அதைப் பார்த்துத்தான் வாய் பிளக்கிறது. ஓரங்கட்டிய பாளத்தை ஒரு சிற்பி செதுக்கி, 1977-இல் லண்டனில் ராணியின் மகுடமாக வைத்தார். சினிமாவில் சான்ஸ் கிடைக்காதவர்களில் இவ்வளவு உயர்ந்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் குரங்கு மனிதன் நாவலில் காட்டுப்பன்றியை அடிக்கிறான். படத்தில் டேபிர் என்ற விலங்கை. ஆப்பிரிக்காவில் டேபிரே கிடையாது என்று யாரும் குப்ரிக்கிடம் சொல்லவில்லை போலும். ஆதிமனிதன் கதை எங்களிடமும் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வைப்பாற்றங்கரை விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியதில் கல்கருவிகளும் சங்கு வளையல்களும் சுடுமண் ஆட்டக்காய்களும் வந்தன. கறுப்புப் பலகை எதுவும் வரவில்லை. வைப்பாற்றுக்காரர்கள் டியூஷன் இல்லாமலே பாஸாகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

விண்கலத்தில் இருக்கும் ஹால் என்ற கணினி ஏன் கூட வந்த ஆட்களைக் கொல்கிறது? நாவலில் பதில் இருக்கிறது: பயணத்தின் உண்மை நோக்கத்தை ஒளிக்கச் சொல்லி மேலிடம் உத்தரவு, பொய்யே சொல்லாத மாதிரி அதன் வளர்ப்பு, நடுவில் மாட்டி மூளை குழம்புகிறது. அரசு அலுவலகம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். குப்ரிக் இதை விளக்குவதாயில்லை. முதல் 25 நிமிடத்துக்குப் படத்தில் வசனமே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1968 ஏப்ரலில் முதல் காட்சியின்போதே பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. பிறகு குப்ரிக்கே 19 நிமிடத்தை வெட்டினார். வெட்டியதில் விளக்கம் கூடியிருக்கும் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ஆனாலும் என் ஓட்டு படத்துக்குத்தான். கொலைக்குக் காரணம் தெரிந்த ஹால் பாவப்பட்ட குமாஸ்தா. காரணம் தெரியாத ஹாலைப் பார்த்தால்தான் முதுகு சில்லிடுகிறது.

கிளார்க்கின் பாடுதான் திண்டாட்டம். நாவல் தயார், குப்ரிக் வெளியிடச் சம்மதிக்கவில்லை. இன்னும் திருத்தணும், இன்னும் திருத்தணும் என்று இழுத்தார். இங்கே கொழும்பில் கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன், ஜேம்ஸ் பாண்டைச் சிங்களத்தில் 'ஜேமிஸ் பண்டா'வாக்கி, காமினி பொன்சேகாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காசு கிளார்க்கினுடையது. ஒரு பக்கம் நாவல் முடங்கிக் கிடக்கிறது, மறுபக்கம் ஜேமிஸ் பண்டா பையைத் துழாவுகிறான். கடைசியில் படம் வந்து சில மாதம் கழித்துத்தான் நாவல் கடைக்கு வந்தது. மூலம் பிந்தி, தழுவல் முந்தி.

குப்ரிக்கிடம் வேலை பார்த்த டக்ளஸ் டிரம்புல், 1972-இல் தான் இயக்கிய 'சைலண்ட் ரன்னிங்'கில் சனியை வளையத்தோடு காட்டிவிட்டார். அதன் பிறகாவது கிளார்க் தன் கிரகத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். அவரோ 1982-இல் எழுதிய இரண்டாம் பாகத்தில், முதல் பாகமே வியாழனில் நடந்த மாதிரி கதையைத் தொடர்ந்தார். தான் எழுதிய சனியைத் தானே காலி செய்துவிட்டு, படத்தின் பக்கம் குடிபோய்விட்டார். முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு இரண்டாவதைத் திறந்தவன், நடுவில் நாலு பக்கம் கிழிந்திருக்குமோ என்று தேடியிருப்பான்.

அந்த இரண்டாம் பாகத்தை 1984-இல் பீட்டர் ஹயம்ஸ் படமாக்கினார். அதில் வெள்ளை மாளிகைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து புறாவுக்குத் தீனி போடுகிறவர் கிளார்க்தான். நாவலில் எல்லாவற்றையும் விளக்கி விளக்கிச் சொன்ன மனிதருக்கு சினிமா கொடுத்த வேடத்தில் வசனம் கிடையாது.