நிழலைப் பருகும் நகரம்

கேள்வி: கால்வாய் நகரமாகிய வெனிஸைக் காண ஆவல், கையிலோ பணம் சொற்பம். கொண்டோலாப் படகில் ஏறாமல் திரும்பினால் பிரயாணம் வீணல்லவா?

பதில்: வீணாகாது. ஏறத்தாழ 118 தீவுகளையும் நானூறுக்கு மேற்பட்ட பாலங்களையும் உடைய அந்நகரின் உட்சந்துகளில் மோட்டார் வண்டிக்கு இடமே இல்லையாதலால், உங்கள் இரு கால்களே அங்கே ராஜவாகனம். கொண்டோலா ஆசை விடாவிட்டால், நான்கே பாலங்கள் உள்ள பெருங்கால்வாயை உள்ளூர் ஜனங்கள் கடக்கும் 'திராகெட்டோ' துறைக்குச் செல்லுங்கள். அங்கே ஓடுவதும் கொண்டோலா வகைப் படகுதான், இருவர் நின்று துடுப்புப் போட, இரண்டு யூரோவில் அக்கரை சேரலாம்.

போஜனமோ இன்னும் சுவாரசியம். ரியால்ட்டோ மீன் சந்தையை அடுத்த சந்துகளில் 'பாகரோ' எனப்படும் சிறு மதுக்கடைகளின் முன், காலையிலேயே ஊரார் நின்றபடி 'சிக்கெட்டி' என்னும் சிற்றுண்டிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி உண்பதைக் காண்பீர்கள். உலர்ந்த காட் மீனை வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய் போல் குழைத்து ரொட்டித் துண்டின் மீது வைத்துத் தருவது ஒன்று; பொரித்த மத்தி மீனை வெங்காயத்திலும் காடியிலும் ஊறவைத்தது மற்றொன்று. பின்னது, நெடுநாள் கடலில் இருந்த மாலுமிகள் மீன் கெடாதிருக்கக் கண்ட உபாயமாதலால், பழைய வெனிஸ் குடியரசின் சமுத்திர சரித்திரமே அதில் ருசிக்கிறது என்பேன். உடன் அருந்தும் சிறு கிண்ண மதுவுக்கு 'ஓம்ப்ரா', அதாவது நிழல், என்று பெயர். புனித மாற்கு கோயிலின் மணிக்கூண்டு நிழலில் முன்னாளில் மது விற்றதால் வந்த பெயர் என்பது ஐதிகம். நின்று உண்ணுங்கள், உட்கார்ந்தால் பல கடைகளில் விலை ஏறும். மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள்.