டிராயிங் யாருது?

2004 அக்டோபரில் நான் கார்ஹிங் வந்தபோது, மியூனிக்கிலிருந்து வரும் யு6 ரயில் ஹோஹ்ப்ருக்கோடு நின்றுவிடும். அதற்கப்புறம் பஸ். ஜன்னலில் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய முட்டை. 1957-இல் கட்டிய அணு உலையின் கூடு அது. ஜெர்மனியின் முதல் அணு உலை. ஊர்ச் சின்னத்திலேயே அந்த முட்டையைப் போட்டுவைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியை இப்படிக் குலதெய்வம் போல வைத்துக்கொள்ளும் ஊர் ஒன்று இருக்கிறதே என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்துவிட்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு வந்திருந்தேன். வீடு கோவை கணபதி. அப்பாவுக்கு மூன்று லேத் போட்ட பட்டறை; பம்ப் ஷாஃப்ட் ஜாப் ஒர்க். கிளம்பும்போது தன் பழைய மைக்ரோமீட்டரை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதன் கைப்பிடியில் அவர் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் கோடுகள் தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

ஆய்வறிக்கைக்கு ராக்கெட் என்ஜின் எரியறை பற்றிய வேலை வேண்டும் என்று ஒரு நிறுவனத்துக்கு எழுதினேன். நேர்காணல் நன்றாகவே போனது. இரண்டு வாரம் கழித்து வந்த கடிதத்தில் மூன்றே வரி. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி என் நாட்டவருக்கு அந்த டிராயிங்குகளைக் காட்ட முடியாது. பஸ் நிறுத்தத்தில் நின்று நாலு தடவை படித்தேன். பாஸ்போர்ட்டை வைத்துக் கதவைச் சாத்துவார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு இஸ்ரோவின் பல பிரிவுகள் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் இருந்தன. அவற்றில் கடைசியாக மிஞ்சியவை 2011-இல்தான் வெளியே வந்தன. எனக்கு உறுத்தியது வேறொன்று. 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-2, பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டப்சாட் செயற்கைக்கோளைச் சுமந்துபோனது. அவர்கள் கோள் நம் ராக்கெட்டில் ஏறலாம். அந்த ராக்கெட் கிளம்பும் நாட்டிலிருந்து வந்தவன் அவர்கள் டிராயிங்கைப் பார்க்கக் கூடாது. அன்று வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

ஜெர்மன்காரர்களுக்கும் நம் விமானத் தொழிலுக்கும் பழைய உறவு. 1956-இல் விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்து எச்.ஏ.எல்.லில் உட்கார்ந்து மாருத் போர் விமானத்தை வரைந்தார். 1961 ஜூன் 17 அன்று அது பறந்தது. உடல்வாகு அருமை. அதற்கேற்ற வலுவான என்ஜின் மட்டும் கடைசிவரை அமையவில்லை. எண்பதுகளில் டோர்னியர் 228-க்கு உரிமம் வாங்கிக் கான்பூரில் கட்ட ஆரம்பித்தோம். துருவ் ஹெலிகாப்டருக்கு ஆலோசனை சொன்னது மியூனிக்கை ஒட்டிய ஓட்டோப்ருன்னில் இருந்த எம்.பி.பி. நிறுவனம். அந்தக் காலத்தில் பணம் இங்கிருந்து அங்கே போகும், டிராயிங் அங்கிருந்து இங்கே வரும்.

இப்போது நிலைமை வேறு. டோர்னியர் 228-இன் புதிய வடிவத்தை ஜெர்மனியின் ஓபர்ஃபாஃபன்ஹோஃபனில் பூட்டியபோது, உடலும் இறக்கையும் கான்பூரிலிருந்து கப்பலேறி வந்தன. அதே ஊரில் டாய்ச்சே ஏர்கிராஃப்ட் உருவாக்கும் டி328 ஈகோவுக்குப் பின்னுடல் பெங்களூரு டைனமேட்டிக்கில் தயாராகிறது. ஏர்பஸும் டாடாவும் சேர்ந்து சி-295 விமானத்துக்கு வடோதராவில் கட்டிய தொழிற்சாலை 2024 அக்டோபரில் திறந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் ஆர்டர் கொடுத்திருந்தன. இவ்வளவு வாங்குகிற வீட்டில் கொஞ்சம் செய்யவும் சொல்வோமே என்று விற்கிறவனுக்குத் தோன்றாதா?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு விண்வெளித் துறையில் அந்நிய முதலீட்டுக்கு வழிவிட்டது. முன் அனுமதி இல்லாமலே, பாகங்கள் செய்வதற்கு 100 சதவீதம், செயற்கைக்கோளுக்கு 74, ராக்கெட்டுக்கும் ஏவுதளத்துக்கும் 49 சதவீதம். ராக்கெட்டை நம் கையில் வைத்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் கதவு எங்கே அகலமாகத் திறந்திருக்கிறதோ அங்கேதான் பணமும் நுழையும். பாகம் கடைந்து கொடுப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

அந்தக் கவலையை நேரில் பேச வாய்த்தது போன இலையுதிர் காலத்தில். அப்பாவின் பட்டறையை அண்ணன் எடுத்து, லேத் இருந்த இடத்தில் ஐந்து அச்சு சி.என்.சி. போட்டு, விமானத் தரச் சான்றும் வாங்கிவிட்டார். சப்ளையர் கூட்டத்துக்காக மியூனிக் வந்தவர் கார்ஹிங்கில் என் வீட்டில் தங்கினார். 2006-லேயே யு6 ஆராய்ச்சி வளாகம் வரை வந்துவிட்டது. ஸ்டேஷன் படியேறி வெளியே வந்ததும் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"இந்த ஊர்லதானா தம்பி உனக்கு அந்தக் காயிதம் வந்துச்சு?"

"ஆமாங்ணா. கம்பெனி வேற பக்கம். படிச்சது இங்கதான்."

வீட்டில் பையைத் திறந்து ஒரு டைட்டானியம் பிராக்கெட்டை மேசையில் வைத்தார். உள்ளங்கை அளவு. கத்தி ஓடிய தடம் மெல்லிய அலையாக மேலே தெரிந்தது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. பத்து கிலோ கட்டியில் ஒன்பது கிலோ சுருளாகப் போய்விடும் என்றார். "கட்டி அவங்க சொல்ற எடத்துல வாங்கோணும். டிராயிங் அவங்களுது. நம்முளுது மிஷின் ஓட்டற கூலி." சொல்லும்போது வருத்தமில்லை. வேலையில் பெருமைதான் இருந்தது. அப்பாவின் மைக்ரோமீட்டரை எடுத்துக் கொடுத்தேன். தேய்ந்த இடத்திலேயே அவர் கட்டைவிரலும் போய் உட்கார்ந்தது.

அவரிடம் அக்னிகுல் கதையைச் சொன்னேன். சென்னை ஐ.ஐ.டி.யில் 2017-இல் முளைத்த நிறுவனம். ஒட்டும் பற்றவைப்பும் இல்லாமல் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த என்ஜின். நாலு தடவை கடைசி நேரத்தில் நிறுத்தி, 2024 மே 30 காலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டைக் கிளப்பினார்கள். கார்ஹிங்கில் அப்போது விடிகாலை மூன்றே முக்கால். நேரலை கிடையாது. போனைப் பிடித்தபடி சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். செய்தி வந்ததும் அந்த மூன்று வரிக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. அந்த அச்சு எந்திரம் இ.ஓ.எஸ். நிறுவனத்துடையது, மியூனிக்குக்குப் பக்கத்தில் க்ரைலிங். எந்திரம் இவர்களது, டிராயிங் நம்முடையது.

நான் படித்த இதே மியூனிக் பல்கலைக்கழகத்து மாணவர் ராக்கெட் குழுவிலிருந்து 2018-இல் கிளம்பியது இசார் ஏரோஸ்பேஸ். 2023-இல் ஒரே சுற்றில் 16.5 கோடி டாலர் திரட்டினார்கள். அதே வருஷம் அக்னிகுல்லுக்குக் கிடைத்தது 2.67 கோடி டாலர். இசாரின் முதல் ராக்கெட் 2025 மார்ச் 30 அன்று நார்வேயில் அரை நிமிஷம் பறந்து கடலில் விழுந்தது. அதைத் தோல்வி என்று யாரும் மூடிப்போடவில்லை. விழுந்த பிறகும் பணம் போடும் பொறுமை நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்திலிருந்து இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே ஏவலாம். வல்லம் வடகாலில் விமானப் பூங்கா இருக்கிறது. அங்கே வருகிற முதலீட்டாளருக்கு நிலமும் மின்சாரமும் கொடுக்கும்போது, வரைகிற வேலையில் ஒரு பங்கு இங்கே நடக்க வேண்டும் என்று கேட்டே வாங்க வேண்டும்.

அண்ணன் எல்லாம் கேட்டுவிட்டுப் போனைத் திறந்தார். மகள் கல்லூரி ராக்கெட் குழுவில் இருக்கிறாள். இன்ஜெக்டர் தட்டின் டிராயிங். இரண்டு விரலால் பெரிதாக்கி வலது கீழ்மூலைக் கட்டத்தைக் காட்டினார். வரைந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

"ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு நானே ஓட்டிக் குடுத்தேன் தம்பி. துளைக்கு 0.02 கேட்டிருந்தா. ரெண்டு தட்டு வீணாப் போச்சு. மூணாவதுல நின்னுச்சு."