இடுப்புக்கு லேசு, மணிக்கட்டுக்குப் பாரம்

அலாஸ்காக் காட்டில் கரடிக்கு அஞ்சி நடப்பவர்கள் விரும்பி வாங்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 329பிடி ரிவால்வர் வெறும் 700 கிராம் சொச்சம்தான்: ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டம், டைட்டானியம் உருளை. உள்ளே போவதோ .44 மேக்னம் தோட்டா. எஃகில் செய்த அதன் அண்ணன் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. குறைந்த அரைக்கிலோ எங்கும் போய்விடவில்லை. சுடும்போது உதையாக மணிக்கட்டுக்குத் திரும்பி வருகிறது. நியூட்டனுக்கு டைட்டானியச் சலுகை தெரியாது. அந்த உதையில், இறுக்கம் போதாத தோட்டாக்களின் குண்டு முன்னே நழுவி உருளையைச் சிக்கவைப்பதும் உண்டு. அப்புறம் இரண்டாம் குண்டு கரடியின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

கனமான துப்பாக்கி கூடாரத்திலேயே கிடக்கும், லேசானதுதான் இடுப்பில் இருக்கும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் வலிக்குப் பயந்து பயிற்சியை ஆறு குண்டோடு முடித்துக்கொண்டவருக்கு, நொடிக்கு 15 மீட்டர் பாய்ந்து வரும் பழுப்புக் கரடி மறுபயிற்சி தராது. அலாஸ்காவின் 269 சம்பவங்களை அலசிய 2012 ஆய்வில் கைத்துப்பாக்கி 84 சதவீதம் பலித்தது என்று ரசிகர்கள் காட்டுவார்கள். உண்மை. துப்பாக்கியைப் பயன்படுத்தியவருக்கும், வைத்திருந்தும் பயன்படுத்தாதவருக்கும் விளைவில் வித்தியாசமில்லை என்று அதே ஆய்வு சொல்வதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. 2008இல் வந்த இன்னோர் ஆய்வில், மிளகாய்த் தெளிப்பான் வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினர். எதிர்க்காற்றில் நம் கண்ணும் எரியும்தான். எரியட்டுமே! அது உதைப்பதில்லை, விலையும் மிகக் குறைவு. கௌரவக் குறைச்சல் அங்கேதான்.