முதலாளிக்குப் புத்தி சொல்லிப் பிழைப்பது எப்படி?

ராஜபாளையத்தில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. மில்லுக்கும் இல்லை, மில் வாரிசுக்கும் இல்லை. இத்தனை பேர் இருக்க நீங்கள் ஏன் எக்ஸிக்யூட்டிவ் கோச் ஆகக் கூடாது? பாதி வேலையை ஏற்கெனவே செய்கிறீர்கள்: டீக்கடையில் கேட்காதவருக்கும் யோசனை சொல்கிறீர்கள். மீதி இதோ.

1. இன்றே விசிட்டிங் கார்டு அடியுங்கள். கோச் என்று போட்டுக்கொள்ள நம் நாட்டில் உரிமம் வேண்டாம். 1995-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு, முதல்நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர அனுபவம், அதற்கு மேல் தேர்வு என்கிறது. வேலையற்றவர்கள். ஒரு சனி, ஞாயிறு வகுப்பே தாராளம்.

2. டிமோத்தி கேல்வே பெயரை மேடைதோறும் சொல்லுங்கள். 1974-ல் டென்னிஸ் பற்றி அவர் எழுதிய புத்தகம்தான் இந்தத் தொழிலுக்கே வேர். வாத்தியார் சொல்வதைக் குறைத்தால் ஆட்டக்காரன் தானே கற்றுக்கொள்கிறான் என்று கண்டவர். புத்தகத்தை மட்டும் திறக்காதீர்கள். வாயை மூட வேண்டி வரும்.

3. கட்டணம் கேட்கக் கூச்சமா? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரை இழுங்கள். நந்தவனத்தில் பூத்தொடுத்தவர், வல்லபதேவ பாண்டியன் சபையில் பொற்கிழி வென்றார் அல்லவா? அதைக் கோவிலுக்கே கொடுத்துவிட்டார் என்பார்கள். அந்த இடம் வருவதற்குள் பேச்சை மாற்றுங்கள்.

4. முகாமை அய்யனார் கோவிலில் வையுங்கள். மலையடிவாரம், ஆறு, அருவி. ஹால் வாடகை மிச்சம். மேலாளர்களைத் தண்ணீரில் காலை வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, "மனக்கசடையெல்லாம் ஆற்றோடு விடுங்கள்" என்று குரலைத் தாழ்த்துங்கள். கீழே ஊரே குடிக்கிற தண்ணீர் அது. யாரும் கேட்க மாட்டார்கள். மழை பெய்து வனத்துறை வழிமறித்தால், 'தடைகளை வெல்வது' என்று தலைப்பை மாற்றி, வண்டி நிறுத்துமிடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கருத்துப் படிவத்தைப் பால்கோவா கொடுத்த பிறகு நீட்டுங்கள். முன்னால் நீட்டிக் கெட்டவர்கள் உண்டு.

5. இனி தனி அமர்வு. ஜான் விட்மோர் 1992-ல் பரப்பிய முறையில் இலக்கு, நிலவரம், வழிகள், உறுதி என்று நாலு படி. நிலவரத்தில் காலை வைக்காதீர்கள், வழுக்கும்.

ஸ்பின்னிங் மாஸ்டர் ஒருவர் வருவார். "நைட் ஷிப்டுல சைடர் நிக்க மாட்டேங்காங்க சார். ரெண்டு பேர் பாக்குற ஃபிரேமை ஒரு ஆள் பாக்குது. நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, ஓடி ஓடி ஒட்டுது. ஆள் கேட்டா முதலாளி தர மாட்டேங்காரு" என்பார்.

ஆபத்து! மனிதர் விஷயத்தைப் பேசுகிறார். எத்தனை ஆள் வேண்டும் என்று வாய்தவறிக் கேட்டுவிடாதீர்கள். மில்லுக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம். சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டும். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "இதில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பத்து நிமிடத்தில் தன்னைத் தானே திட்டத் தொடங்குவார். பலகையில் 'மைண்ட்செட்' என்று எழுதி வட்டம் போடுங்கள்.

6. "இங்கே பேசியது இங்கேயே" என்று சத்தியம் செய்யுங்கள். பக்கத்திலேயே அய்யனார் இருப்பதால் நம்புவார்கள். சாயங்காலம் முதலாளிக்கு போன் போடுங்கள். பெயர் சொல்வது தொழில் தர்மம் அல்ல. "நைட் ஷிப்ட் பார்க்கிற மாஸ்டர் ஒருவர்" என்றால் போதும்.

7. முதலாளியிடம் கேள்வியே கூடாது. அவர் பேசுவார், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அதையே இங்கிலீஷில் டைப் அடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, உங்கள் அறிக்கையாக அவரிடமே கொடுங்கள். இவ்வளவு துல்லியமாக ஒருவர் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார்.

8. மாஸ்டர் வேலையை விட்டுப் போனால் பதறாதீர்கள். 'மாற்றத்துக்குத் தயாராக இல்லாதவர்' என்று ஒரு வரி சேருங்கள். புதிதாக வரும் மாஸ்டருக்கு ஆறு அமர்வு தேவைப்படும். கொட்டேஷனை அன்றைக்கே அனுப்புங்கள், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.