ஒரு கணக்கு சொல்லுங்க சார்!

சொல்லிவிடாதீர்கள். அதிலும் பெருக்கல் கணக்காகச் சொல்லித் தொலைத்தீர்களோ, அன்றைய சாயங்காலம் போச்சு.

"ரெண்டை மூணால பெருக்குங்க" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆறு என்று சொல்லிவிட்டு விளையாடப் போகும். கால்குலேட்டருக்கு முந்தைய கணக்குக் கட்டையான ஸ்லைடு ரூல்களைச் சேர்க்கிற நம்மவர் பீரோவைத் திறப்பார். முதலில் ஜப்பான்காரன் செய்த ஹெம்மி, மூங்கில். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றைக் கண்ணை மூடி, நடுக்கட்டையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். "ஆறு." அடுத்து ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டெல். "அஞ்சு புள்ளி ஒம்பது ஒம்பதுன்னு வெச்சுக்கலாம்." அதற்கடுத்து அமெரிக்காவின் பிக்கெட், மஞ்சள் பூசிய அலுமினியம். "ஆறு புள்ளி பூஜ்யம் ஒண்ணு." மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, "வித்தியாசம் தெரியுதா சார்?" என்றார். மூன்று கட்டையிலும் சேர்த்துச் சந்தேகமில்லாமல் ஆறியது என் காபி மட்டும்தான்.

வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லவும் கூடாது. மூங்கில் ஈரக்காற்றுக்கு வளையாது என்பார். பிக்கெட் அப்போலோவில் போனது என்பார். (இவருடைய பிக்கெட் பல்லாவரம் தாண்டியதில்லை.) கடைசியில் ஹெம்மியின் மேலே ஒட்டிய வெள்ளை செல்லுலாய்டைக் கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து நம் மூக்கடியில் நீட்டுவார். "கற்பூர வாசனை வருதா? செல்லுலாய்டுல கற்பூரம் உண்டு சார்." வரவில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார், லேசாகச் சிரிப்பார். அந்தப் பழமொழியில் மிச்சம் யார் என்பது நமக்கே புரிந்துவிடும்.

ஓட்டலுக்கு மட்டும் இவரோடு போகாதீர்கள். மசால் தோசை 85 ரூபாய், மூன்று பேர். சட்டைப்பையிலிருந்து சின்ன ரூலை உருவினார். ஒன்றை மூன்றுக்கு நேரே நிறுத்தினால் எட்டரை கட்டைக்கு வெளியே போய்விடுகிறது. நடுக்கட்டையை அந்தக் கோடிக்கு இழுத்து மறுபடி முதலிலிருந்து. சர்வர் காலை மாற்றி மாற்றி நின்றார்.

"ரெண்டு அஞ்சு அஞ்சு" என்றார்.

"255 ரூபாயா?"

"அதை நீங்கதான் சொல்லணும். இரண்டரை ரூபாயா, இரண்டாயிரத்தைந்நூறான்னு ரூலுக்குத் தெரியாது. புள்ளி வைக்கிறது மூளையோட வேலை."

"சரி, மூணு காபி 90. ரெண்டையும் கூட்டுங்க."

இங்கேதான் வேடிக்கை. மடக்கையை வைத்துப் பெருக்கலையே கூட்டலாக்கிக் காட்டுகிற சாமான், நேராகக் கூட்டச் சொன்னால் கையை விரித்துவிடும். மனிதர் அசரவில்லை. "கூட்டலுக்கு எதுக்கு சார் ரூல்? அதுக்குத்தான் விரல் இருக்கே."

1972-ல் ஹியூலெட்-பேக்கார்ட் எச்பி-35 என்று சட்டைப்பைக் கால்குலேட்டரை 395 டாலருக்குக் கொண்டுவந்ததை, சொந்த வீட்டுச் சாவு மாதிரிதான் சொல்வார். நாலைந்து வருஷத்துக்குள் ஸ்லைடு ரூல் வியாபாரம் படுத்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்க வந்தவர் கால்குலேட்டரில் தட்டி ஒரு தொகையைக் காட்டினார். நானும் நம்பி, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இவர் ரூலை எடுக்கக்கூட இல்லை. மாடியை ஒரு நடை நடந்துவிட்டு, "ஒரு பூஜ்யம் ஜாஸ்தியா இருக்கே தம்பி" என்றார். இருந்தது. ஆயுள் முழுக்கப் புள்ளியைத் தானே வைத்துப் பழகிய மூளை. அன்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பிரியத்தில்தான் அப்பாவின் ஸ்லைடு ரூலைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஹெம்மி. ஓரத்தில் பொடியாக இரண்டு ஆங்கில எழுத்து, கியூ, டி. "முதல் எழுத்து வருஷம், அடுத்தது மாசம். ஏ-ன்னா 1950. அப்போ இது 1966 ஏப்ரல்" என்று நொடியில் சொன்னார். "என்னோடதோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு, துடைச்சுத் தர்றேன்" என்றும் சொன்னார்.

மூன்று வருஷம் ஆகிறது. போனால் காபி வருகிறது, ரூல் வருவதில்லை. போன வாரம் பீரோவிலிருந்து அதையே எடுத்து, கட்டைவிரலால் தேய்த்து, என் மூக்கடியில் நீட்டினார்.

"இப்பவாவது வாசனை வருதா சார்?"

வந்தது. நன்றாகவே வந்தது. கையை நீட்டினேன்.

"தொடாதீங்க, கறை படும்" என்று உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.