மேல்மாடியின் தயவு

மாடிப்படி விளக்கின் சுவிட்சுகளைப் புதிதாக மாற்றிய நாள் முதல், மேலே இருப்பவர் மனம் வைத்தால்தான் கீழே போடும் சுவிட்ச் வேலை செய்கிறது. பேய் புகுந்துவிட்டதா?

மேல்மாடிக்காரரின் தயவில் கீழ்வீட்டார் வாழ்வது பேயின் வேலையன்று, வாடகை வீடுகளின் வழக்கமே. எனினும் இங்கே குற்றவாளி, டூ-வே சுவிட்சின் மூன்று முனைகளுள் பொதுமுனை எனப்படுவதில், அதாவது ஒரு சுவிட்சில் ஃபேஸும் மற்றதில் பல்புக்குச் செல்லும் ஒயரும் சேர வேண்டிய முனையில், இரு சுவிட்சுகளையும் இணைக்கும் ஒயர்களுள் ஒன்றைக் கொண்டுபோய் முடுக்கிய கைதான். பொதுமுனையின் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், மெயினை அணைத்து, கழற்றிய சுவிட்சை மல்டிமீட்டரில் வைத்து, இருபுறம் தட்டினாலும் ஏதேனும் ஒரு முனையோடு தொடர்பில் இருப்பது எது என அறிதல் வேண்டும்.

அணைத்த பின்னும் எல்இடி பல்பு மினுக்குகிறதே?

சுவிட்ச் அணைந்திருக்கையில் ஒளிரும் சிறு நியான் விளக்கின் வழியே கசியும் மின்னோட்டம், 60 வாட் குண்டு பல்பு ஏறெடுத்தும் பாராத அளவினதேயாயினும், எல்இடிக்கு அது விருந்து. நியானே இல்லாத சுவிட்சாயின், ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரல் ஒயர் சுவிட்சுக்கு வந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் சுவிட்சை அணைத்துவிட்டு பல்பைக் கழற்றுபவரின் விரலுக்காக ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும்.