கறுத்ததெல்லாம் விண்கல்லாடே?

ஏலே மருமவனே, இங்கன வா. காந்தம் வாங்கியாச்சாம், பூதக்கண்ணாடி வாங்கியாச்சாம், தொப்பிகூட வாங்கியாச்சாம். ஆஸ்திரேலியாப் பாலைவனத்துல விண்கல் பொறுக்கப் போறியாமே? போ, நல்லாப் போ. வண்டி ஏறதுக்கு முன்ன இந்தக் கெழவன் பேச்சையும் கொஞ்சம் காதுல போட்டுக்க.

நல்லார்பார்னு ஒரு சமவெளி. ரெண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் பொட்டக்காடு. தரையெல்லாம் வெளுத்த சுண்ணாம்புக்கல். மழை கம்மி, அதனால வானத்துல இருந்து விழுந்த கல்லு பல ஆயிரம் வருஷமானாலும் மக்கிப்போவாமக் கெடக்கு. அதுகளைக் கொத்துக்கொத்தா கண்டெடுத்துக் குடுத்தது யாருன்னு நினைக்கே? படிச்ச பெரியவகளா? முயல் பிடிக்கப் போன ஆளுகடே! வெள்ளைத் தரையில கறுப்பா ஒண்ணு கெடந்துச்சு. இதுக்கு இங்க என்ன சோலின்னு குனிஞ்சு பாத்தாக. அதுக்கு எந்தக் கடையில தொப்பி விக்கான்?

அதுக்காக வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புறவன், கறுத்ததெல்லாம் விண்கல்லுன்னும் நம்பிருவான். அந்தக் காட்டுலயே பொத்தான் கணக்கா கறுப்புக் கண்ணாடி கெடக்கும். ஆஸ்திரலைட்டுன்னு பேரு. எட்டு லட்சம் வருஷத்துக்கு முன்ன எங்கயோ பூமியில ஒரு பெரிய கல்லு மோதினப்ப, நம்ம மண்ணே உருகித் தெறிச்சு விழுந்தது அது. டார்வினே அதை எரிமலைக் கண்ணாடின்னுதான் நெனச்சாரு. நீ எம்மாத்திரம்?

கையில எடுத்துப் பாரு. மேல மெல்லிசாக் கருகின தோலு இருக்கா? உடைஞ்ச மூலையில உள்ள சாம்பல் நெறமா? நடுவுல மினுங்குற இரும்புப் பொடி? குட்டிக்குட்டி உருண்டை? இருந்தா நெஞ்சு அடிச்சுக்கலாம். உள்ள காத்துக்குமிழி ஓட்டை ஓட்டையா இருந்தா, ஏதோ உலையில கழிச்சுப் போட்ட கசடு. தூக்கி எறி.

அந்தக் காந்தத்தை மட்டும் பைக்குள்ளயே வை. சகாராவுல செவ்வாய்க் கல்லு ஒண்ணு கெடைச்சுது, பிளாக் பியூட்டின்னு பேரு. அதோட துண்டுகள்ல ஆதிகாலத்துக் காந்த ஞாபகம் இருந்துருக்கணும். வித்தவுகளும் வாங்கினவுகளும் காந்தத்தை ஒட்டிஒட்டிப் பாத்தே அதை அழிச்சுப்புட்டாக. கோடிக்கணக்கான வருஷம் காப்பாத்தி வச்சதை ஒரு தேய்ப்புல தொலைச்ச புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல?

அதுக்கப்புறந்தான் ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம். கல்லைச் சீவி, எலக்ட்ரான் கருவிக்குக் கீழ வச்சு, ஆலிவின்ங்கிற கனிமத்துல இரும்பு எம்புட்டுன்னு அளப்பாக. கூட்டிப்பாத்து ஹெச், எல், எல்எல்னு ஜாதி பிரிப்பாக. பெறவு பக்குவம்: 3ன்னா உருண்டையெல்லாம் உதிரி உதிரியா நிக்கும், 6ன்னா குழைஞ்ச சோறு மாதிரி ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். துருவுக்கு ஒரு நம்பரு, அடி வாங்கினதுக்கு ஒரு நம்பரு. இதை நான் கேலி பண்ணமாட்டேன். ஆளைப் பாத்துக் கல்யாணம் பேசுறவன் குலம் கோத்திரம் கேக்கான், கல்லைக் கேட்டா என்ன தப்பு?

நீதான் மூஞ்சியைத் தொங்கப்போடப் போற. செவ்வாயின்னும் நிலான்னும் கனாக் கண்டு போவே. வர்ற ஓலையில "சாதாரணக் காண்டிரைட், ஹெச்5"ன்னு இருக்கும். விழுற விண்கல்லுல எண்பது சதவீதத்துக்கு மேல அதுதான். 456 கோடி வருஷத்துக் கல்லு கைக்கு வந்துருக்கு, இவருக்கு அதுவும் போதலையாம்!

உன் பேரை வைப்பாகன்னு வேற சொல்லித் திரியுறியாமே? கல்லுக்கு அது கெடந்த எடத்துப் பேருதான். பேரு போடுறதுக்கு முன்ன 20 கிராமோ, சின்னதுன்னா அஞ்சுல ஒரு பங்கோ காப்பகத்துல ஒப்படைக்கணும். அந்தச் சமவெளியோட மேக்குப் பக்கத்துல கண்டெடுத்தா பங்கு பேச்சே கெடையாது. அங்க சட்டப்படி விண்கல்லு சர்க்காரு சொத்து, நேரா மியூசியத்துக்குப் போவணும்.

என்ன முழிக்க? கல்லு வர்றதுக்கு முன்னயே விலை பேசி யாருகிட்டயோ அட்வான்ஸ் வாங்கியிருக்கியாமே, அதை இன்னைக்குச் சாயங்காலமே திருப்பிக் குடுத்துரு. அவன் கொடுவாளு வச்சிருக்கான்னு ஊருல பேச்சு.